காஸெட் போட முடியாத கார்

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் ஒரு சனிக்கிழமை காலை. கார் ஸ்டீரியோ கடை வாசலில் என் கார் நான்கு கதவுகளையும் விரித்துக்கொண்டு நின்றது. நயாஸ் பாய் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு மல்லாக்கப் படுத்திருந்தார். அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. சூடான ஈயப் பற்று வாசனையும் பக்கத்துக் கடையின் புது சீட் கவர் வாசனையும் கலந்து அடித்தன.

உள்ளேயிருந்து அவர் குரல் கன்னடம் கலந்து வந்தது. "காஸெட் டெக் ஃபர்ஸ்ட் க்ளாஸா ஓடுது சார். சும்னே எதுக்குக் கழட்டறீங்க?"

"சிடி ப்ளேயர் வேணும் பாய்."

"அதுக்கு இதைக் கழட்டவே வேணாம். இது பாட்டுக்கு இருக்கட்டும். டிக்கியில சேஞ்சர் ஒண்ணு உட்றலாம். ஆறு சிடி போட்டு மூடிட்டா ஒரு வாரம் தொட வேணாம். சிடியும் பாடும், காஸெட்டும் பாடும்."

"காஸெட் வேணாம்."

அவர் மெல்ல வெளியே வந்து உட்கார்ந்தார். "வீட்ல பெரியவங்க இருக்காங்களா? அவங்க காஸெட்தான் சார் கேப்பாங்க."

"அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க. சிடி மட்டும் போடுங்க."

கழற்றிய டெக்கை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு நீட்டினார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். நன்றாக ஓடுகிற ஒன்றை இப்படித் தூக்கிக் கொடுக்கிறானே என்று அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

போன வாரம் இந்தக் காரை வாங்கிய கதையை இந்தப் பத்தியில் பெருமையாக எழுதியிருந்தேன். வாழ்த்துச் சொன்ன வாசகர்களுக்கு நன்றி. அந்தப் பெருமையை இந்த வாரம் நானே கீழே போட்டு மிதிக்க வேண்டியிருக்கிறது. அப்பா இருந்தவரை இதை எழுத எனக்குத் துணிச்சல் வந்திருக்காது. அந்த டெக்கை நான் கழற்றச் சொன்னது அப்பாவின் காஸெட் என் காரில் பாடக் கூடாது என்பதற்காகத்தான். வேறு காரணம் எதுவும் கிடையாது.

மூன்றாவது பாட்டு

அப்பாவுக்கு கன்டோன்மென்ட் ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் மூட்டை தூக்கும் வேலை. வீடு நீலசந்திராவில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்தில். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வேறு ஆளாகிவிடுவார். வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாகப் புத்த விகாரத்துக்குக் கிளம்புவார். அங்கே ஒரு பாட்டுக் குழு இருந்தது. ஒரு ஆர்மோனியம், ஒரு டோலக், இரண்டு கஞ்சிரா. பாடுவது அப்பா.

பாட்டு எழுதுவதும் அவரே. பார்சல் ரசீதின் பின்பக்கத்தில் எழுதுவார். மூட்டை தூக்கிக்கொண்டே மெட்டுப் போட்டேன் என்பார். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் உண்மைதான். அவர் பாட்டுகளில் மூச்சு வாங்குகிற இடம் சரியாக நான்கு எட்டு நடைக்கு ஒருமுறை வரும்.

குழுவில் எல்லோரும் சேர்ந்து ஒரு காஸெட் போட்டார்கள். சிவாஜிநகரில் ஒரு ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்றால் ஒரே ஒரு அறை, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியது. ஃபேனை நிறுத்தினால்தான் ரெக்கார்டிங். நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தேன். வியர்வையில் அப்பாவின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பாடி முடித்ததும் ஹெட்போனை அவர் காதில் மாட்டினார்கள். தன் குரலை அவர் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். "இது நானாடா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்கு அன்றைக்கு அவ்வளவு பெருமை.

முதல் பக்கம், மூன்றாவது பாட்டு.

"சேரியிலே பொறந்தவன் நான்,
சீவரம் கண்டு நிமிர்ந்தவன் நான்."

சீவரம் என்றால் பிக்கு உடுத்தும் துணி. பாட்டு ஆரம்பித்த அரை நிமிடத்தில் நாங்கள் யார், எங்கிருந்து வந்தோம், எல்லாம் வெட்டவெளிச்சம். அதற்காகத்தான் அப்பா அதை எழுதினார். அதற்காகத்தான் நான் அதற்குப் பயந்தேன்.

கலவர வருஷம்

நடுவில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காஸெட் வந்த சில மாதங்களில் காவிரிக் கலவரம். நீலசந்திராவில் ஆட்டோக்காரர்கள் சீட்டுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய ஸ்பீக்கர் வைத்துத் தமிழ்ப் பாட்டாகப் போட்டுக்கொண்டு திரிந்தவர்கள். ஒரே நாளில் எல்லா ஆட்டோவும் ஊமையாகிவிட்டது. எதிர் வீட்டு செல்வம் அண்ணன் தன் ஆட்டோவில் மேலாக நான்கு கன்னடக் காஸெட்டைப் பரப்பி, அதற்கு அடியில் மற்றதையெல்லாம் துணி போட்டு மூடிவைத்தார்.

அப்பாவும் பத்து நாள் வாயைக் கட்டிக்கொண்டார். தெருவில் கன்னடம், ஸ்டேஷனில் கன்னடம், வீட்டுக்குள் கிசுகிசு. பதினோராவது நாளோ பன்னிரண்டாவது நாளோ விகாரத்துக்குப் போய்ப் பழையபடி பாட ஆரம்பித்துவிட்டார்.

அவர் மறைத்தது உயிருக்குப் பயந்து, பத்து நாள். நான் மறைத்தது பல வருடம். என் மேல் ஒரு கல் விழவில்லை. என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

லாங்ஃபோர்ட் டவுன் பக்கம்

எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்ததும் நான் செய்த முதல் காரியம் முகவரியை மாற்றியது. வீடு மாறவில்லை, பேச்சில் மட்டும் மாறியது. எங்கே இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "லாங்ஃபோர்ட் டவுன் பக்கம்" என்பேன். வசதியானவர்கள் ஏரியா. பக்கம்தான். நடந்தால் கால் மணி நேரம்.

எங்கள் டீமில் தமிழர்கள் ஆறேழு பேர் இருந்தோம். எல்லோரும் தஞ்சாவூர், கோயம்புத்தூர், சேலம் என்று ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள். நான் மட்டும் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவன். ராகவன் என் சீனியர், தஞ்சாவூர்ப் பக்கம். நல்ல மனிதர். சேர்ந்த புதிதில் என் கோடில் இருந்த தப்புகளையெல்லாம் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தவர். ஒருமுறை கேன்டீனில், "பிரபு, உங்க நேட்டிவ் எது? எந்தப் பக்கம்?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு என் கையில் இருந்த சாதம் வாய்க்குப் போகவில்லை. "தாத்தா காலத்துலயே இங்க வந்துட்டோம்" என்று சொல்லித் தப்பித்தேன்.

கார் வாங்கியதும் ராகவனை ஆடுகோடி சிக்னலில் ஏற்றிக்கொண்டு போவது வழக்கமானது. ஓசூர் ரோட்டு டிராஃபிக்கில் ஒன்றேகால் மணி நேரம். பாட்டு இல்லாமல் போக முடியாது. அவருக்கு ஆடியோ சிடிதான். "எம்பித்ரீல நூத்தம்பது பாட்டு அடைக்கலாம், ஆனா வயலின் தேஞ்சு போயிடும்" என்பார். எனக்கு எம்பித்ரீதான் பிடிக்கும். ஆபீஸில் பர்ன் செய்த சிடிகள் என்னிடம் ஒரு கட்டு இருந்தன. பொம்மனஹள்ளி ஜங்ஷன் பள்ளத்தில் இறங்கினால் இரண்டுமே ஒரு வினாடி நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி பாடும்.

அந்தக் காரில் அப்பாவின் குரல் வந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு நாளும் யோசித்திருக்கிறேன். என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. அதை ஒத்துக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

கைக்குட்டையில் சுற்றியது

அப்பா அந்தக் காரில் முதன்முதலாக ஏறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். அதையெல்லாம் நம்பாத அப்பா அன்று ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. செருப்பை வாசலிலேயே உதறிவிட்டு ஏறினார். போட்டுக்கொண்டே உட்காருங்கள் என்று நான்தான் எடுத்து வந்து கொடுத்தேன்.

உட்கார்ந்ததும் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே காஸெட். பிளேயரின் முகத்தை விரலால் தடவிப் பார்த்தார். இருந்த பிளவு காஸெட்டுக்குப் பற்றாது.

"எங்கடா சொருகறது?"

"இது சிடி மட்டும்தான்பா. காஸெட்டெல்லாம் இப்போ வர்றதில்ல."

"அப்படியா?"

"ஆமாம்பா. கம்பெனியே நிறுத்திட்டாங்க."

அவர் உடனே நம்பிவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கம்ப்யூட்டர் படித்த மகன் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று காஸெட்டை மறுபடி கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். "பரவால்ல, நீ உன் பாட்டைப் போடு" என்றார். போட்டேன். கப்பன் பார்க்கைச் சுற்றிக்கொண்டு வீடு திரும்பும்வரை அவர் அதற்குத் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

அப்பாவின் ஆராய்ச்சி

விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்பா விடவில்லை. பார்சல் ஆபீஸில் காணாமல் போன மூட்டையைத் தேடிக் கண்டுபிடிக்கிற மனிதர் அவர்.

பத்து நாள் கழித்து, "அடாப்டர்னு ஒண்ணு இருக்காமே? செல்வம் சொன்னான். அதை மாட்டினா எந்தப் பெட்டியிலயும் எதையும் பாட வைக்கலாமாம்" என்றார்.

"அது காஸெட் பெட்டியில சிடியைப் பாட வைக்கறதுக்குப்பா. தலைகீழா வேலை செய்யாது."

அது ஒன்றுதான் நான் சொன்ன உண்மை.

இன்னொரு நாள் சாப்பிடும்போது கேட்டார். "ஏன்டா, நீ கம்ப்யூட்டர்லயே இருக்கியே. இந்தக் காஸெட்ல இருக்கறதை அந்தத் தட்டுல ஏத்த முடியாதா? எம்பித்ரீயோ என்னவோ சொல்றாங்களே."

ஒரு ஒயர் போதும். டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர். ஒரு மணி நேர வேலை. ராகவனின் கச்சேரிக் காஸெட்டுகள் எட்டை அப்படித்தான் சிடியில் ஏற்றிக் கொடுத்தேன். ஒவ்வொரு கவரிலும் பாட்டு வரிசையை அழகாக டைப் அடித்து ஒட்டினேன்.

அப்பாவிடம், "பழைய டேப்புப்பா. ஏத்தினா இரைச்சல்தான் வரும்" என்றேன்.

"அப்படியா? சரி, வுடு" என்றார். சட்டியில் இருந்த மீனை என் தட்டில் போட்டார். நான் வாங்கிச் சாப்பிட்டேன். என்ன ஜென்மம் நான்.

பின் சீட்டிலிருந்து ஒரு கை

அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்தது. ஓசூர் ரோட்டில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பார்ப்பதாக ஏற்பாடு. "உன் வழியிலதானே? என்னை எறக்கி வுட்டுட்டுப் போ. திரும்பி வர்றதுக்கு நான் பஸ் பிடிச்சுக்கறேன்" என்றார். மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. ராகவனிடம் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் பைக் சர்வீஸில் இருந்தது. "பின்னாடி உக்காந்துக்கறேன் பிரபு, அப்பாவையும் பார்த்த மாதிரி ஆச்சு" என்றார்.

ஆடுகோடியில் ஏறியதும் ராகவன், "வணக்கம் அங்கிள்" என்றார். அப்பா பாதி எழுந்து, தலை கூரையில் இடிக்க, "வணக்கம் சார்" என்றார்.

"அப்பா, ரயில்வேல இருந்து ரிட்டயர்ட்" என்று நான் முந்திக்கொண்டேன். ரயில்வேயில் என்னவாக இருந்தார் என்பதை ராகவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சில்க் போர்டு ஜங்ஷனுக்கு முன்னால் நெரிசலில் வண்டி நின்றுவிட்டது. அப்பா சட்டைப் பாக்கெட்டிலிருந்து ஒரு காகித உறையை எடுத்தார். முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு. உள்ளே ஒரு சிடி.

"நேஷனல் மார்க்கெட்ல குடுத்து ஏத்திட்டு வந்தேன். இரைச்சலே இல்லடா. உனக்குச் சொல்லாம வெச்சிருந்தேன். என் ப… அந்த மூணாவது பாட்டை முதல்ல வர்ற மாதிரி போடச் சொல்லிட்டேன்."

"அப்புறம் போடலாம்பா. டிராஃபிக்கைப் பாருங்க."

"டிராஃபிக்லதான் பிரபு பாட்டு வேணும்" என்று ராகவன் சிரித்துக்கொண்டே பின்னாலிருந்து கையை நீட்டி சிடியை வாங்கினார். அவரே பிளேயரில் தள்ளினார்.

ஆர்மோனியம் ஒரு இழுப்பு இழுத்தது. டோலக் சேர்ந்தது. பிறகு அப்பா.

நயாஸ் பாய் மாட்டியது நல்ல ஸ்பீக்கர்கள். சேரியிலே பொறந்தவன் நான் என்று நான்கு பக்கத்திலிருந்தும் வந்தது. பத்துப் பன்னிரண்டு வருடம் இளைய குரல். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தொடையில் விரலால் தாளம் போட்டார். எட்டு வைத்து மூச்சு வாங்குகிற இடம் வந்தபோது பக்கத்து சீட்டில் அவரும் மூச்சு வாங்கினார். எனக்கு அது தெளிவாகக் கேட்டது.

"யார் அங்கிள் பாடறது?" என்றார் ராகவன்.

அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார். எங்கப்பாதான் என்று மகன் வாயால் வர வேண்டும் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. அதற்காகத்தான் அந்த மனிதர் இத்தனை கடை ஏறி இறங்கியிருந்தார்.

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "தெரியல. கடையில ஏதோ போட்டுக் குடுத்திருக்கான்."

பாட்டில் அடுத்த அடி முடிவதற்குள் அப்பாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. காஸெட்டை கம்பெனி நிறுத்தியது, பழைய டேப்பில் இரைச்சல் வருவது, எல்லாமே.

"ஆமா சார்" என்றார் பின்னால் திரும்பி. "எனக்கும் தெரியாது. கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான் போல."

சொல்லிவிட்டுப் பிளேயரை நிறுத்தக் கையை நீட்டினார். எந்தப் பட்டன் என்று அவருக்குத் தெரியவில்லை. புரை விழுந்த கண் வேறு. ஒன்றை அழுத்தினார், சத்தம் கூடியது. இன்னொன்றை அழுத்தினார், பாட்டு திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது. தன் குரலை நிறுத்துவதற்கு அவர் விரல் அந்தப் பட்டன்களின் மேல் அப்படித் தடுமாறியது. நான் எட்டி எஜெக்டை அழுத்தினேன்.

"ஏன், குரல் நல்லாத்தானே இருந்தது" என்றார் ராகவன்.

ஆஸ்பத்திரி வாசலில் அப்பா இறங்கி, "வரேன் சார்" என்று ராகவனைப் பார்த்துக் கும்பிட்டார். சிடியை எடுத்துக்கொள்ளவில்லை.

சொட்டு மருந்து

அன்று சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்பதற்கு வார்த்தை தேடிக்கொண்டே வந்தேன். அப்பா கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் பரிசோதித்துக் கறுப்புக் கண்ணாடி போட்டு அனுப்பியிருந்தார்கள். இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விடும் நேரம். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு மருந்தை விட்டேன். கண் ஓரத்தில் வழிந்ததைப் பஞ்சால் துடைத்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

அப்பா குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"அந்த சாருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது இல்ல? நான் சரியா சமாளிச்சிட்டேனா?"

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டார். தன்னால் மகனுக்கு ஆபீஸில் ஏதாவது வந்துவிடுமோ என்ற கவலை.

"இல்லப்பா. அவருக்குத் தெரியாது" என்றேன்.

"அப்போ சரி" என்று சொல்லிவிட்டு, அடுத்த கண்ணை விரித்துக் காட்டினார்.